ஒன்பதாம் மாடியில் காத்திருப்பவர்

ஒரு மென்பொருள் சரியாக வேலை செய்யும் என்று சொல்ல இரண்டு வழிகள் உண்டு. பல முறை ஓட்டிப் பார்த்துச் சொல்லலாம். கணிதத் தேற்றத்தை நிறுவுவதுபோல் நிறுவியும் சொல்லலாம். ஓட்டிப் பார்ப்பவர் தாம் பார்த்த தடவைகளுக்கு மட்டுமே சாட்சி சொல்ல முடியும். நிறுவுபவரோ, இனி வரப்போகும் எல்லாத் தடவைகளுக்கும் சேர்த்து வாக்குக் கொடுக்கிறார். இந்த இரண்டாம் வழியைக் கணினி அறிவியலில் ‘ஃபார்மல் மெத்தட்ஸ்’ என்பார்கள். தமிழில் முறைசார் சரிபார்ப்பு எனலாம். விமானம், ரயில், இதயமுடுக்கி, வங்கிப் பரிமாற்றம் என்று தவறினால் உயிரோ பணமோ போகும் இடங்களில் இதன் தேவை அதிகம்.

இந்தத் துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த மாணவர் பட்டம் வாங்கும்வரை குறைந்தது மூன்று நான்கு முறையாவது எழுந்து நின்று தன் ஆய்வைச் சொல்லியாக வேண்டும். துறைக் கருத்தரங்கு, தகுதித் தேர்வு, மாநாடு, கடைசியில் வாய்மொழித் தேர்வு. இவை தவிர, பெரிய மாநாடுகளை ஒட்டி முனைவர் மாணவர்களுக்கென்றே தனி அரங்கு நடத்தும் வழக்கமும் இருக்கிறது. முடியாத ஆய்வை முடியாத நிலையிலேயே கொண்டுவந்து, வேறு நாட்டுப் பேராசிரியர்கள் முன் வைத்து, திருத்தம் கேட்டுப் போகும் இடம் அது. முடிந்த ஆய்வைச் சொல்வதைவிட இது கடினமானது. மாணவருக்கு அதிகப் பயன் தருவதும் இதுதான்.

சிங்கப்பூர் இந்தத் துறையில் ஓரமாக நின்று பார்க்கும் ஊர் அல்ல. 1987இல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கிய சர்வதேச ஃபார்மல் மெத்தட்ஸ் மாநாட்டு வரிசை, 17 கூட்டங்களை ஐரோப்பாவிலும் ஒன்றைக் கனடாவிலும் நடத்திவிட்டு, 19ஆவது கூட்டத்துக்கு முதன்முறையாக ஆசியாவுக்கு வந்தது. 2014 மே 12 முதல் 16 வரை அது சிங்கப்பூரில் நடந்தது. கட்டுரைத் தொகுப்பின் மூன்று பதிப்பாசிரியர்களில் ஒருவரான சுன் ஜுன், சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்தவர். அதற்கும் முன்பே, 2003 நவம்பரில், முறைசார் பொறியியல் முறைகளுக்கான இன்னொரு சர்வதேச மாநாடு இங்கே நடந்திருந்தது. தானியங்கிச் சரிபார்ப்புக்கான ஆசிய மாநாடு 2010இலும் 2023இலும் இங்கே கூடியது.

ஆய்வு என்னவென்று புரிந்தால்தான் அதை எடுத்துரைப்பதில் உள்ள சிக்கல் புரியும். சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) 12 மாடி புளோக் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 1973இலிருந்து எழுந்த பேட்டை இது. இங்குள்ள பழைய புளோக்குகள் பலவற்றில் மின்தூக்கி முன்பு சில மாடிகளில் மட்டுமே நின்றது. மற்ற மாடிக்காரர்கள் மிச்சத்தைப் படியேறித்தான் வீடு சேர வேண்டியிருந்தது. 2001இல் அறிவிக்கப்பட்ட மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகுதான் பல புளோக்குகளில் ஒவ்வொரு மாடியிலும் நிற்க ஆரம்பித்தது. இப்படி எல்லா மாடிகளிலும் நிற்கும் ஒரு மின்தூக்கியின் கட்டுப்பாட்டு நிரலைச் சரிபார்ப்பதுதான் ஒரு மாணவரின் வேலை என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் அவர் இரண்டு வாக்கியங்கள் எழுதுவார். கதவு திறந்திருக்கும்போது மின்தூக்கி எப்போதும் நகராது என்பது ஒன்று. எந்த மாடியில் பொத்தானை அழுத்தினாலும் மின்தூக்கி என்றாவது அங்கே வந்தே தீரும் என்பது மற்றொன்று. கெட்டது நடக்காது என்று சொல்லும் முதல் வகையைப் பாதுகாப்புப் பண்பு என்றும், நல்லது நடந்தே தீரும் என்று சொல்லும் இரண்டாம் வகையை உயிர்ப்புப் பண்பு என்றும் பிரிப்பார்கள். ‘எப்போதும்’, ‘என்றாவது’ என்ற இரண்டு சொற்களும் இங்கே வெறும் சொற்கள் அல்ல, தர்க்கக் குறிகள். 1977இல் அமீர் ப்னுவேலி நிரல்களைப் பற்றிப் பேசுவதற்குக் காலத் தர்க்கத்தைக் கொண்டுவந்தபோது இந்த இரண்டும்தான் அதன் இரு கால்களாக அமைந்தன. அந்தப் பங்களிப்புக்காக 1996இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது. பேச்சுத் தமிழில் ‘என்றாவது ஒருநாள் வருவார்’ என்றால் வருவது சந்தேகம் என்று பொருள். காலத் தர்க்கத்தில் அதே சொல் உறுதிமொழி. எப்போது என்று சொல்ல முடியாது, ஆனால் வராமல் இருக்காது. தமிழில் யோசித்துவிட்டு ஆங்கிலத்தில் பேசும் மாணவர்கள் இந்த இடத்தில் குரலில் உறுதியில்லாமல் சொல்லிவிடுவதுண்டு. கேட்பவர்களும் அதைப் பலவீனமான பண்பு என்று எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது எண்ணிக்கை. மின்தூக்கி நிற்கும் மாடி 12, கதவின் நிலை 2, போகும் திசை மேலே, கீழே, நிலையாக என்று 3. பெருக்கினால் 72. உள்ளே 12 பொத்தான்கள். வெளியே முதல் மாடியிலும் கடைசி மாடியிலும் ஒவ்வொன்று, மற்ற பத்து மாடிகளில் இரண்டிரண்டு, ஆக 22. இந்த 34 பொத்தான்களில் ஒவ்வொன்றும் அழுத்தப்பட்டிருக்கலாம், அழுத்தப்படாமலும் இருக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்தால் 1,23,695 கோடிக்கு மேற்பட்ட நிலைகள். ஒரு நொடிக்குப் பத்து லட்சம் நிலைகளைப் பார்க்கும் கணினிக்குச் சுமார் 14 நாள் வேலை. பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அதே புளோக்கில் இரண்டாவது மின்தூக்கி ஒன்றைச் சேர்த்துவிட்டால் அந்த 14 நாள் சுமார் 11,500 ஆண்டுகளாகிவிடுகிறது. எல்லா நிலைகளும் நடைமுறையில் வந்து சேர்வதில்லை என்பது உண்மைதான். இருந்தாலும் பெருக்கம் இப்படித்தான் போகும். துறைக்காரர்கள் இதை நிலை வெடிப்பு என்பார்கள். முனைவர் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் இந்த வெடிப்போடு மல்லுக்கட்டுபவைதான்.

அதை முதலில் பெரிய அளவில் அடக்கியவரும் ஒரு முனைவர் பட்ட மாணவரே. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எட்மண்ட் கிளார்க்கிடம் படித்த கென் மக்மில்லன், நிலைகளை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்க்காமல், நிலைகளின் கூட்டத்தை ஒரு தர்க்கச் சூத்திரமாகச் சுருக்கிக் கையாளலாம் என்று கண்டார். அரிசியை மணி மணியாக எண்ணாமல் மூட்டையாக நிறுப்பதுபோல. அதற்கு ராண்டல் பிரையன்ட் 1986இல் உருவாக்கிக் கொடுத்த முடிவு வரைபடங்கள் கைகொடுத்தன. 1990இல் கிளார்க் குழுவினர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே பத்தின் 20ஆம் அடுக்கு நிலைகள் என்ற எண் இருந்தது. மக்மில்லனின் ஆய்வேடு 1992இல் முடிந்தது, சிறந்த கணினி அறிவியல் ஆய்வேட்டுக்கான ஏசிஎம் விருதையும் பெற்றது. அதே காலத்தில் இந்த முறையைக் கொண்டு ஃபியூச்சர்பஸ் பிளஸ் என்ற வன்பொருள் தரநிலையின் தற்காலிக நினைவக நெறிமுறையில் அதுவரை யாரும் காணாத பிழைகளைக் கண்டுபிடித்தார்கள். எழுதி, விவாதித்து, தரநிலை என்று அங்கீகரித்த ஒன்றில் பிழை! மாணவர்களின் எடுத்துரைப்பை ஏன் பொறுமையாக உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் பல காரியங்கள் நடக்கும் அமைப்புகளை வரைந்து காட்டப் பயன்படும் பெட்ரி வலையும் கார்ல் ஆடம் பெட்ரி என்பவரின் 1962ஆம் ஆண்டு முனைவர் ஆய்வேட்டிலிருந்து வந்ததுதான்.

பெட்ரி வலை என்றதும் தமிழ் வாசகர் அறிந்திருக்க வேண்டிய ஒரு பெயர் வருகிறது. பி. எஸ். தியாகராஜன். சென்னை ஐஐடியில் படித்து, அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ஒருங்கியங்கும் அமைப்புகளின் கோட்பாட்டில் உலகளவில் மதிக்கப்படுபவர். இன்று சென்னைக் கணிதக் கழகமாக இருக்கும் நிறுவனத்தில் இந்தத் துறை வேரூன்றக் காரணமானவர்களில் ஒருவர். பிறகு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 2009இல் அவரைச் சிறப்பித்து ஒரு கட்டுரைத் தொகுப்பு வந்தது. அதைப் பதிப்பித்த கமல் லோடயா, மாதவன் முகுந்த், ஆர். ராமானுஜம் மூவரும் சென்னையில் பணியாற்றியவர்கள். தரமணிக்கும் சிறுசேரிக்கும் கென்ட் ரிட்ஜுக்கும் இடையே இந்தத் துறையில் ஒரு பாதை இருக்கிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஆய்வு செய்ய வரும் மாணவர் பலருக்கு அது தெரிவதில்லை. தெரிந்திருப்பது நல்லது.

சிங்கப்பூரிலேயே உருவான சரிபார்ப்புக் கருவிகளில் ‘பாட்’ முக்கியமானது. தேசியப் பல்கலைக்கழகத்தில் தொங் ஜின் சொங் குழுவில், சுன் ஜுன், லியு யாங் ஆகியோர் இளைய ஆய்வாளர்களாக இருந்தபோது கட்டியது. 2009இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் நடந்த மாநாட்டில் அதை அறிமுகப்படுத்தினார்கள். அந்தக் கட்டுரையின் மையக் கருத்து நியாயம். நீதிமன்றத்து நியாயம் அன்று, வரிசையில் நிற்பவருக்குக் கிடைக்க வேண்டிய நியாயம். ஒரு காரியத்துக்கு இடைவிடாமல் வாய்ப்பு இருந்துகொண்டே இருந்தால் அது என்றாவது நடக்க வேண்டும் என்பது மெல்லிய நியாயம். வாய்ப்பு விட்டுவிட்டு, ஆனால் முடிவின்றி மீண்டும் மீண்டும் வந்தாலே நடக்க வேண்டும் என்பது வலுவான நியாயம். எந்த நியாயத்தை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு நிரல் சரியென்றோ தவறென்றோ ஆகும்.

மறுபடி ஆங் மோ கியோ புளோக்குக்கு வரலாம். பக்கத்தில் எந்த அழைப்பு இருக்கிறதோ அதற்கே முதலில் போ என்று நிரல் எழுதப்பட்டிருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, மின்சாரமும் மிச்சம். மாணவர் கருவியில் போட்டுப் பார்க்கிறார். கருவி ‘பண்பு பொய்’ என்று சொல்லி ஒரு பட்டியலைக் காட்டுகிறது. ஒன்பதாம் மாடியில் ஒருவர் பொத்தானை அழுத்துகிறார். அந்த நேரம் மின்தூக்கி முதல் மாடியில் நிற்கிறது. நான்காம் மாடியில் ஒருவர் அழைக்கிறார். மின்தூக்கி நான்குக்குப் போகிறது. அவர் ஏறி ஒன்றை அழுத்துகிறார். நான்கிலிருந்து ஒன்றுக்குத் தூரம் மூன்று, ஒன்பதுக்குத் தூரம் ஐந்து. மின்தூக்கி கீழே இறங்குகிறது. அவர் இறங்கியதும் நான்காம் மாடியில் இன்னொருவர் அழைக்கிறார். பட்டியல் அங்கிருந்து தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது. இந்தச் சுழல் ஓயாமல் நடக்கலாம். ஒன்பதாம் மாடிக்காரர் பொத்தானின் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுகொண்டே இருப்பார்.

இந்தப் பட்டியலின் பெயர் எதிர்க்காட்டு. முறைசார் சரிபார்ப்பு ஆய்வை எடுத்துரைப்பதில் மாணவரிடம் இருக்கும் மிகச் சிறந்த பொருள் இதுதான். தேற்றத்தைப் பின்தொடர அரங்கில் பத்துப் பேரால் முடியலாம். எதிர்க்காட்டு எல்லோருக்கும் புரியும். இருந்தும் பல மாணவர்கள் அதைப் பின்னால் தள்ளிவிட்டு, முதல் ஸ்லைடிலேயே தொடரியலையும் விதிகளையும் கொண்டுவந்து குவிக்கிறார்கள். இருபது நிமிடத்தில் பன்னிரண்டு நிமிடம் குறியீடுகளுக்கே போய்விடுகிறது. சிக்கல் என்னவென்று தெரியாமல் தீர்வின் நுணுக்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் அரங்கு மூன்றாம் நிமிடத்திலேயே மடிக்கணினியைத் திறந்துவிடும். நல்ல எடுத்துரைப்பு ஒன்பதாம் மாடியில் தொடங்கும். அங்கே ஒருவர் நிற்கிறார், மின்தூக்கி வரவில்லை, ஏன்? பண்பு, நிரலின் கணித மாதிரி, கருவி, தேற்றம் எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும்.

முனைவர் அரங்குக்கு விண்ணப்பிப்பவர் பொதுவாகச் சில பக்கங்களில் ஆய்வுச் சுருக்கம் ஒன்றை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். சிக்கல் என்ன, பிறர் இதுவரை என்ன செய்திருக்கிறார்கள், தன் அணுகுமுறை எதில் வேறுபடுகிறது, எதுவரை முடிந்திருக்கிறது, மிச்சத்தை எப்படிச் செய்வதாகத் திட்டம் என்பவை அதில் இருக்க வேண்டும். அவற்றில் கடைசி இரண்டைத்தான் நடுவர்கள் கூர்ந்து பார்ப்பார்கள். முடிந்ததையும் முடியாததையும் குழப்பி எழுதும் மாணவருக்கு அரங்கில் உதவி செய்ய யாராலும் முடியாது. நோயைச் சொன்னால்தானே மருந்து.

பேச்சு முடிந்து கேள்வி நேரம் வரும். இந்தத் துறையின் கேள்விகள் தனி ரகம். எண்ணிக்கை போதுமா, மாதிரி அளவு எவ்வளவு என்றெல்லாம் கேட்க மாட்டார்கள். மூன்று கேள்விகள் ஏறக்குறைய எல்லா அரங்குகளிலும் எழும். இந்தப் பண்புதான் வேண்டியது என்று யார் முடிவு செய்தது? நீங்கள் நிறுவியது மாதிரியையா, ஓடுகிற நிரலையா? எவற்றையெல்லாம் உண்மை என்று முன்கூட்டியே எடுத்துக்கொண்டீர்கள்?

இரண்டாவது கேள்வியின் ஆழத்தைக் காட்ட ஒரு பழைய நிகழ்வு போதும். கார்னகி மெலனில் புதிதாகச் சேர்ந்த முனைவர் மாணவர்களிடம் ஜான் பென்ட்லி முதல் வகுப்பிலேயே, பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் இருமத் தேடல் நிரலை எழுதச் சொன்னார். எழுதியவற்றில் பெரும்பாலானவை தவறாக இருந்தன. அந்த வகுப்பில் இருந்த ஜோஷுவா பிளாக், பின்னாளில் ஜாவா மொழியின் நூலகத்துக்கு அதே தேடலை எழுதினார். 2006இல் அவரே ஒரு செய்தியை வெளியிட்டார். பென்ட்லி தம் புத்தகத்தில் சரியென நிறுவிக் காட்டியிருந்த நிரலிலும், தாம் ஜாவாவுக்கு எழுதிய நிரலிலும் ஒரே பிழை பல ஆண்டுகளாக இருந்திருக்கிறது. நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்க இரண்டு எண்களைக் கூட்டி இரண்டால் வகுக்கும் வரியில்தான் அந்தப் பிழை. கூட்டுத்தொகை 2,14,74,83,647ஐத் தாண்டினால் கணினியில் அது எதிர்மறை எண்ணாகிவிடும். கணிதத்தில் முழு எண்களுக்கு எல்லை கிடையாது. கணினியில் உண்டு. நிறுவலில் பிழை இல்லை. நிறுவல் எந்த எண்களைப் பற்றியது என்பதில்தான் பிழை.

மூன்றாவது கேள்விக்கு ஆங் மோ கியோ புளோக்கிலேயே விடை தேடலாம். நிரலைத் திருத்தி, காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளச் செய்துவிட்டார் மாணவர். இப்போது கருவி ‘பண்பு மெய்’ என்கிறது. ஆனால் தள்ளுவண்டியோடு மெல்ல நடந்துவரும் பாட்டிக்காக ஒருவர் கதவுப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் விடவே இல்லையென்றால்? மின்தூக்கி எங்கும் போகாது. ஆகவே ‘கதவு என்றாவது மூடப்படும்’ என்பதை மாணவர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கிறார். அது நியாயமான அனுமானம்தான். ஆனால் அதை எழுதி வைக்க வேண்டும், ஸ்லைடில் காட்ட வேண்டும், வாயால் சொல்ல வேண்டும். அனுமானங்களுக்கென்று ஒரு தனி ஸ்லைடு இல்லாத எடுத்துரைப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அரைகுறைதான்.

அனுமானம் எவ்வளவு பெரிய காரியம் என்பதை ரயில்கள் நன்றாகக் காட்டும். ஆங் மோ கியோவுக்கு இது அந்நியமான உதாரணம் அன்று. சிங்கப்பூரில் பெருவிரைவு ரயில் முதன்முதலில் ஓடியது 1987 நவம்பர் 7ஆம் தேதி. இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்து நிலையங்கள். அவற்றில் ஒன்று ஆங் மோ கியோ. அங்கிருந்து தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவர் இன்று ஒரு நிறுத்தம் தாண்டிப் பீஷானில் இறங்கி, வட்டப் பாதைக்கு மாறி, கென்ட் ரிட்ஜில் இறங்கலாம். வட்டப் பாதையில் ஓட்டுநர் கிடையாது. 2003இல் திறந்த, லிட்டில் இந்தியா வழியாகச் செல்லும் வடகிழக்குப் பாதையிலும் கிடையாது. முன்பெட்டியின் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு சுரங்கத்தைப் பார்க்கும் சிறுவர்கள் அங்கே யாரும் ஓட்டவில்லை என்பதைக் கண்டு குதூகலிப்பார்கள். ஓட்டுவது மென்பொருள்.

இத்தகைய ரயில்களில் முறைசார் சரிபார்ப்பு சாதித்ததற்கு எல்லோரும் காட்டும் சான்று பாரிஸின் 14ஆம் எண் மெட்ரோ பாதை. 1998 அக்டோபரில் ஓட்டுநர் இல்லாமல் ஓடத் தொடங்கியது. அதன் பாதுகாப்புப் பகுதியை ஜான் ரேமோன் அப்ரியால் வகுத்த பி-முறையில் எழுதினார்கள். 1,10,000 வரிகளுக்கு மேல் முறைசார் மாதிரி, அதிலிருந்து 86,000 வரி அடா மொழி நிரல், வழியில் நிறுவ வேண்டியிருந்த துணைத் தேற்றங்கள் சுமார் 27,800. நிறுவி முடித்த பிறகு நடந்த சோதனைகளில் அந்தப் பகுதியில் பிழை எதுவும் தென்படவில்லை. கணிதம் தண்டவாளத்தில் ஓடிய கதை இது. மாணவர்கள் தங்கள் முதல் ஸ்லைடில் இதைப் போட்டுக்கொள்ளலாம்.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 15ஆம் தேதி காலை, சிங்கப்பூரின் ஜூ கூன் நிலையத்தில் நின்றுகொண்டிருந்த ரயிலின்மீது பின்னாலிருந்த ரயில் மோதியது. 30க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பழைய சமிக்ஞை முறையிலிருந்து புதியதற்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. புதிய முறையில் ஒவ்வொரு ரயிலைச் சுற்றியும் மென்பொருள் ஒரு பாதுகாப்பு வளையத்தைப் போட்டிருக்கும். அதற்குள் வேறு ரயில் வர முடியாது. மென்பொருள் மாற்றம் செய்யப்படாத ஒரு பழுதான சமிக்ஞைச் சுற்றைக் கடந்தபோது முன்னால் போன ரயிலின் அந்த வளையம் நீங்கிவிட்டது என்று விசாரணையில் தெரியவந்தது. பழையதும் புதியதும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், ஒன்றைப் பற்றி மற்றொன்று எடுத்துக்கொண்ட அனுமானம் உடைந்தது. நிறுவல்களைக் கேட்கும் அனுபவசாலிகள் ‘உங்கள் அமைப்பு எதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது’ என்று திரும்பத் திரும்பக் கேட்பது மாணவரை மடக்குவதற்காக இல்லை. காயம்பட்டவர்களின் எண்ணிக்கை அவர்கள் நினைவில் இருக்கிறது.

மாதிரி கட்டவே வழியில்லாத அமைப்புகளும் உண்டு. சிங்கப்பூர் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கென்றே ஒரு சிறிய நீர்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. ஆறு கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் கட்டுப்பாட்டுக் கருவி, நிஜமான குழாய்கள், நிஜமான தண்ணீர். தண்ணீரின் ஓட்டத்தை முழுவதும் சூத்திரத்தில் அடக்க முடியாததால், கட்டுப்பாட்டு நிரலை வேண்டுமென்றே சிறிது சிறிதாகக் கெடுத்து, கெட்ட ஓட்டம் எப்படியிருக்கும், நல்ல ஓட்டம் எப்படியிருக்கும் என்று கணினிக்குக் கற்றுக்கொடுத்து, மாறாத விதி ஒன்றைக் கண்டுபிடிக்கும் ஆய்வு அங்கே நடந்தது. சர்வதேச ஃபார்மல் மெத்தட்ஸ் மாநாட்டு வரிசையில் 2016இல் சைப்ரஸின் லிமாசோலில் நடந்த கூட்டத்தில் அது படிக்கப்பட்டது. இத்தகைய ஆய்வை எடுத்துரைப்பவர் ‘நிறுவினோம்’ என்ற சொல்லை மிகக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். கற்றுக்கொண்டது ஒன்று, நிறுவியது வேறொன்று.

முடிவுகளின் அட்டவணையைக் காட்டும் நேரத்தில் மாணவரின் நேர்மை தெரிந்துவிடும். கருவி பத்து உதாரணங்களில் ஏழைச் சரிபார்த்தது, இரண்டில் நேரம் முடிந்தது, ஒன்றில் நினைவகம் தீர்ந்தது என்றால் பத்தையும் காட்ட வேண்டும். நேரம் முடிந்த அந்த இரண்டு வரிகளில்தான் அடுத்த ஆண்டின் ஆய்வு இருக்கிறது. கேட்பவர்கள் உதவக்கூடிய இடமும் அதுவே. இப்போதெல்லாம் பல மாநாடுகளில் கட்டுரையோடு கருவியையும் தரவையும் ஒப்படைக்க வேண்டும். தனிக்குழு ஒன்று அதைத் தன் கணினியில் ஓட்டிப் பார்த்து, சொன்ன எண்கள் வருகின்றனவா என்று சரிபார்க்கும். நல்ல மாற்றம் இது. மேடையில் கருவியை நேரடியாக ஓட்டிக் காட்ட நினைப்பவர் ஓட்டத்தின் பதிவு ஒன்றையும் கையில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். இருபது நிமிடத்தில் ஐந்து நிமிடம் படவீழ்த்தியோடு போராடுவதில் கழிந்தால் மிச்ச ஆய்வு கேட்பாரற்றுப் போகும்.

பேச்சுப் பயிற்சிக்கு ஆய்வுக் கூடத்துத் தோழர்கள் மட்டும் போதாது. அவர்களுக்கு ஏற்கெனவே பாதி தெரியும். சொல்லாமல் விட்டதை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். துறைக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒருவரிடம், அவருடைய மொழியில், பத்து நிமிடம் சொல்லிப் பார்ப்பதே உரைகல். தமிழ் மாணவருக்கு அந்த ஒருவர் வீட்டிலேயே இருக்கலாம், வாடகை அறைக்கு எதிர்வீட்டிலும் இருக்கலாம். ‘மின்தூக்கி ஏன் சில நேரம் வரவே மாட்டேன் என்கிறது தெரியுமா அண்ணே?’ என்று தொடங்கினால் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருப்பவர் யாரானாலும் காது கொடுப்பார். அவர் திருப்பிக் கேட்கும் கேள்வி, ‘அப்ப கதவை ஒருத்தன் புடிச்சிக்கிட்டே இருந்தான்னா?’ என்று இருந்தால், மாநாட்டில் வரப்போகும் மூன்றாவது கேள்விக்கு ஒத்திகை முடிந்துவிட்டது என்று பொருள்.

இந்தத் துறையைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற சந்தேகம் தேவையில்லை. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் தர்க்கத்திலும் ஒருங்கியங்கும் அமைப்புகளிலும் ஆய்வு செய்த ஆர்.ராமானுஜம், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தோடும் ‘துளிர்’ சிறுவர் அறிவியல் இதழோடும் பல்லாண்டுகள் உழைத்தவர். அறிவியலை மக்களிடம் கொண்டுசென்றதற்காக 2020ஆம் ஆண்டுக்கான இந்திரா காந்தி விருது அவருக்குக் கிடைத்தது. பள்ளிக் குழந்தைகளுக்குத் தமிழில் கணிதம் எழுதிய அதே கைதான் சர்வதேச இதழ்களுக்குத் தர்க்கக் கட்டுரைகளையும் எழுதியது.

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆங் மோ கியோ பொது நூலகத்தில் தமிழ் நூல்கள் இருக்கின்றன, தமிழ் வாசகர்களும் வருகிறார்கள். தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங்கிலும் மற்றப் பல்கலைக்கழகங்களிலும் முறைசார் சரிபார்ப்பில் ஆய்வு செய்யும் தமிழ் மாணவர்கள், ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை அத்தகைய ஓர் இடத்தில் இருபது நிமிடம் தமிழில் பேச முன்வர வேண்டும். தினமும் அந்த மின்தூக்கியிலும் அந்த ரயிலிலும் போய்வருகிறவர்கள் அங்கே வரும் வாசகர்கள். அவர்களுக்கு எது நிறுவப்பட்டிருக்கிறது, எது அனுமானமாகவே விடப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு. அதைச் சொல்லக்கூடியவர்கள் இந்த மாணவர்கள்தாம்.